அத்தியாயம் 7: கேக்கைப் பார்த்து பெல்ட்டை ஓட்டுவது

பெல்ட் ஃபில்டர் மேடையில் முதல் நாள் ஏறுகிறவர்கள் எல்லோரும் வேக்குவம் கேஜைத்தான் தேடிப் போகிறார்கள். முள் எங்கே நிற்கிறது, நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் பழக்கிய இளைஞர்களை முதல் வாரம் அந்த கேஜ் பக்கமே போகவிட்டதில்லை. டிஸ்சார்ஜ் முனைக்குக் கீழே சென்று, கேக் விழுகிற சரிவிலிருந்து நீளப் பிடி போட்ட கரண்டியால் ஒரு கரண்டி எடுத்து வரச் சொல்வேன். கையுறையோடு அதைப் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டையாகி, விரலால் தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தால் ஒரு சேதி. களிமண் போல ஒட்டினால் வேறு சேதி. அழுத்தியதும் மேலே ஈரம் மினுங்கினால் மூன்றாவது சேதி. கேஜ் காட்டுவது ஒரே ஒரு எண். கேக்கில் ரியாக்டர் முதல் ஸ்க்ரேப்பர் வரைக்கும் நடந்த அத்தனையும் பதிந்திருக்கிறது.

எல்லா ஸ்லரிக்கும் பொதுவாக எழுதினால் எதற்குமே உதவாமல் போய்விடும் என்பதால், இந்த அத்தியாயம் முழுக்க பாஸ்பாரிக் அமில ஆலையின் ஜிப்சம் ஃபில்டரையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் ஒடிசாவின் பாரதீப்பிலும் இந்த அமிலம் தயாராகிறது. உரத்துக்கு அது ஆதாரம். ஜோர்டான், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரும் பாஸ்பேட் பாறையைப் பொடித்து, கந்தக அமிலத்தில் வினைபுரியச் செய்கிறார்கள். டைஹைட்ரேட் முறையில் ரியாக்டர் 75 முதல் 80 டிகிரி செல்சியஸில் ஓடும். வெளியே வருவது, அமிலத்தில் மிதக்கும் ஜிப்சம் படிகங்களின் குழம்பு. அமிலத்தின் வலுவை ஆலையில் பி2ஓ5 கணக்கில் சொல்வார்கள். இங்கே அது 26 முதல் 29 சதவீதம்வரை இருக்கும். ஒரு டன் பி2ஓ5 எடுத்தால் கூடவே ஏறக்குறைய 5 டன் ஜிப்சம் பிறக்கிறது.

அந்த 5 டன்னில்தான் ஆலையின் பணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேக்கில் ஈரம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 5 டன் உலர் ஜிப்சத்தோடு சுமார் 1.67 டன் திரவம் போகிறது. கழுவாமல் விட்டால் அந்தத் திரவம் 28 சதவீத அமிலம். அதாவது ஏறக்குறைய 470 கிலோ பி2ஓ5. ஒரு டன் உண்டாக்கி, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானதை மலையாகக் குவித்து வைக்கிறோம் என்று அர்த்தம். நன்றாகக் கழுவி, கடைசியாக ஒட்டியிருக்கும் திரவத்தை 0.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இழப்பு 8 கிலோவாகக் குறைகிறது. 470க்கும் 8க்கும் நடுவில் இருக்கிற தூரம் அத்தனையும் பெல்ட்டின் மேல், சில நிமிடங்களுக்குள் முடிவாகிறது.

மெஷினைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பெரிய உருளைகளுக்கு நடுவே கனமான ரப்பர் பெல்ட் ஓடுகிறது. அதன் மேற்பரப்பில் குறுக்கே வாய்க்கால் போல் பள்ளங்கள் இருக்கும். பள்ளங்களில் இறங்கும் திரவம் நடுவில் உள்ள துளைகள் வழியாகக் கீழே போகும். ரப்பரின் மேல் ஃபில்டர் துணி படுத்துக்கொண்டு கூடவே பயணம் செய்கிறது. துளைகளுக்கு நேர் கீழே, அசையாமல் வேக்குவம் பாக்ஸ். ஓடுகிற பெல்ட்டும் அசையாத பாக்ஸும் உரசும் இடத்தில் தேய்மானப் பட்டைகள் இருக்கும். அவற்றுக்கு இடைவிடாமல் தண்ணீர் ஓட வேண்டும். அந்தத் தண்ணீர் உராய்வையும் குறைக்கும், காற்று புகாமலும் அடைக்கும். பாக்ஸிலிருந்து குழாய்கள் ரிசீவருக்குப் போகின்றன. ரிசீவரில் திரவம் கீழே பிரியும், காற்று மேலே வேக்குவம் பம்புக்குப் போகும்.

ரிசீவரை ஏன் அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று பலர் கேட்பார்கள். உள்ளே வெற்றிடம் இருக்கும்போது திரவம் தானாகக் கீழே இறங்க வேண்டுமானால், குழாயில் நிற்கும் திரவத்தின் எடை அந்த வெற்றிடத்தை வெல்ல வேண்டும். முழு வெற்றிடத்துக்கு 10.3 மீட்டர் தண்ணீர்த் தூண் தேவை. 500 மி.மீ. பாதரச வேக்குவத்துக்கு 6.8 மீட்டர் தண்ணீர் போதும். தண்ணீரைவிட 1.3 மடங்கு அடர்த்தியான அமிலமென்றால் 5.2 மீட்டர். குழாயின் கீழ் முனை சீல் தொட்டியில் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். தொட்டியின் மட்டம் இறங்கி முனை வெளியே தெரிந்துவிட்டால் குழாய் வழியே காற்று மேலேறும். "வேக்குவம் வரலை" என்று பம்ப் ஆள்களைக் கூப்பிடுவதற்கு முன் இந்தத் தொட்டியை எட்டிப் பாருங்கள்.

இனி பெல்ட்டோடு நடப்போம்.

ஃபீட் பாக்ஸிலிருந்து ஸ்லரி துணியின் முழு அகலத்துக்கும் ஒரே சீராகப் பரவ வேண்டும். ஓரத்தில் ஒரு விரற்கிடை துணி வெறுமையாகத் தெரிந்தால்கூடப் போதும், காற்று அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். கேக்கின் வழியே திரவத்தை இழுப்பதைவிட வெறும் துணியின் வழியே வருவது காற்றுக்குச் சுலபம். காது கொடுத்துக் கேட்டால் மெல்லிய சீழ்க்கைச் சத்தம் கேட்கும். அனுபவப்பட்ட ஆபரேட்டர் மேடையில் நடந்துகொண்டே அந்தச் சத்தத்தை வைத்து இடத்தைச் சொல்லிவிடுவார்.

ஃபீட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஸ்லரியின் மேலே நின்ற அமிலம் உள்ளே இறங்கி, கேக்கின் முகம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. அதுவரை கண்ணாடி போல் மினுங்கும் பரப்பு அந்தக் கோட்டில் சட்டென்று மங்கிப்போகும். இந்த மெஷினில் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டால் நான் இந்தக் கோட்டைத்தான் கேட்பேன். முதல் கழுவு நீர் இந்தக் கோட்டைத் தாண்டியவுடன் விழ வேண்டும். கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தால் கழுவு நீர் நின்றுகொண்டிருக்கும் அமிலத்தோடு கலந்துவிடும். அமிலத்தைத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டிய நீர், அதை நீர்க்கச் செய்கிற நீராகிவிடும். ரொம்பப் பின்னால் விழுந்தால் அதற்குள் கேக் காய்ந்து, கோடைக் காலத்துக் குளத்து மண்போல வெடித்திருக்கும். பிறகு எவ்வளவு நீர் ஊற்றினாலும் வெடிப்பு வழியே ஓடிவிடும். வெடிப்புகளுக்கு நடுவிலுள்ள கட்டிகள் அமிலத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு டிஸ்சார்ஜுக்குப் போய்விடும்.

இந்தக் கோடு இடம் மாறினால் என்ன செய்வது? இங்கேதான் பெல்ட் வேகம் வருகிறது. பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான்.

கோடு டிஸ்சார்ஜ் பக்கம் நகர்ந்தால், "வடிய நேரம் போதவில்லை, பெல்ட்டை மெதுவாக ஓட்டு" என்றுதான் முதலில் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். ஒரே வேக்குவத்தில் கேக் உருவாக ஆகும் நேரம், கேக்கின் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 40 மி.மீ. கேக் உருவாக ஆகும் நேரத்தில் நாலில் ஒரு பங்குதான் 20 மி.மீ. கேக்குக்கு ஆகும். ரியாக்டரிலிருந்து வரும் ஸ்லரியின் அளவு மாறாமல் இருக்கையில் பெல்ட் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தடிமன் பாதியாகிறது. வடிய ஆகும் நேரம் நாலில் ஒரு பங்காகிறது. பெல்ட் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினாலும், நேரம் கால்வாசியானதால், மங்கும் கோடு பழைய தூரத்தின் பாதிக்கு வந்துவிடும். கழுவு நீர் இறங்குவதற்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். துணியின் தடையையும் சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும், திசை மாறாது.

அப்படியானால் எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு ஓட்டலாமே என்றால், அதுவும் ஆகாது. கேக் மிக மெல்லியதானால் டிஸ்சார்ஜ் உருளையில் பலகை போல் பெயர்ந்து விழாது. துணியோடு ஒட்டிக்கொண்டு திரும்பும். ஃபீட்டில் ஏற்படும் சிறு மேடு பள்ளம்கூட மெல்லிய கேக்கில் ஓட்டையாகிவிடும். துணியும் ரப்பரும் வேகமாகத் தேயும். ஒவ்வோர் ஆலைக்கும், ஏன், ஒவ்வொரு பாறைக்கும் ஒரு தடிமன் உண்டு. ஸ்கேலால் அளந்து, டிஸ்சார்ஜைப் பார்த்து, அதை நீங்களே கண்டுபிடித்து ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

வேகம் மாறியதும் இன்னொன்றைக் கவனியுங்கள். வேக்குவம் பாக்ஸின் உள்ளே தடுப்புகள் உண்டு: வலுவான அமிலத்துக்கு ஒரு பகுதி, முதல் கழுவலுக்கு ஒன்று, அடுத்தடுத்த கழுவல்களுக்கு ஒவ்வொன்று. மேலே கோடு நகர்ந்தால் கீழே தடுப்பு தானாக நகர்ந்துவிடாது. அமிலப் பகுதியில் கழுவு நீர் இறங்கும், அல்லது கழுவல் பகுதியில் நல்ல அமிலம் இறங்கும். ஒவ்வொரு ரிசீவரிலிருந்தும் ஒரு ஜாடி எடுத்து ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

கழுவுதலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். புதிதாக வரும் இன்ஜினியர்கள் கேட்கிற கேள்வி: "சுத்தமான தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் போச்சு, எதற்கு மூன்று கட்டம்?" ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தால் பதில் கிடைக்கும். கழுவலில் இறங்கும் திரவம் மீண்டும் ரியாக்டருக்குத்தான் போகிறது. பாறையைக் குழம்பாக்க அதுதான் தேவைப்படுகிறது. ஆகவே பெல்ட்டில் கூடுதலாக ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் கடைசியில் விற்கிற அமிலத்தைத்தான் நீர்க்கச் செய்கிறது. அதைப் பிறகு ஆவியாக்கி வெளியேற்ற நீராவி செலவழிக்க வேண்டும். தண்ணீருக்கு இங்கே கண்டிப்பான ரேஷன்.

ரேஷன் தண்ணீரில் எப்படி அலசுவது என்பதை, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களில் வாழ்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வாளி வைப்பார்கள். சோப்பு நுரையோடு வரும் துணி முதல் வாளியில் முங்கும், பிறகு இரண்டாவது, கடைசியில் மூன்றாவது. முதல் வாளி அழுக்கானதும் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவது வாளித் தண்ணீரை முதல் வாளியிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிவிட்டு, மூன்றாவதில் மட்டும் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். துணி ஒரு திசையில் போகிறது, தண்ணீர் எதிர்த் திசையில் வருகிறது. பெல்ட்டில் நடப்பது அதேதான். சுத்தமான வெந்நீர், துணி கழுவிய தண்ணீரோடு சேர்ந்து, கடைசிக் கட்டத்தில் விழுகிறது. அதில் இறங்கிய இளம் அமிலம் அதற்கு முந்தின கட்டத்துக்குப் போகிறது. அதிலிருந்து இறங்கியது முதல் கட்டத்துக்கு. முதல் கட்டத்தில் இறங்குவது ஓரளவு வலுவான அமிலமாகி, ரிட்டர்ன் ஆசிட்டாக ரியாக்டருக்குத் திரும்புகிறது.

வெந்நீர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 20 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 1 என்றால் 60 டிகிரியில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே கேக், அதே வேக்குவம், இரண்டு மடங்கு வேகத்தில் வடிதல். குளிர்ந்த நீர் பட்டால் இன்னொரு கெடுதலும் வரும். அமிலத்தில் கரைந்திருக்கும் சோடியம் ஃபுளுவோசிலிகேட்டும் ஜிப்சமும் குளிர்ந்ததும் உப்பாகப் படியும். துணியின் கண்களிலும் குழாய்களிலும் கல்லாக இறுகிவிடும். பல ஆலைகளில் ஏறக்குறைய வாரம் ஒருமுறை ஃபில்டரை நிறுத்தி வெந்நீரால் முழுக்கக் கழுவுவது இதற்காகத்தான். உற்பத்தி நெருக்கடியில் அந்தக் கழுவலை ஒத்திப்போடுகிறவர்கள், அடுத்த வாரம் சுத்தியலும் உளியுமாகக் குழாய்க்குள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கேஜுக்கு வருவோம். வேக்குவம் கூடக்கூட நல்லது என்பது பொதுவான எண்ணம். சூடான ஸ்லரியில் அதற்கு ஒரு கூரை இருக்கிறது. 80 டிகிரித் தண்ணீரின் நீராவி அழுத்தம் சுமார் 355 மி.மீ. பாதரசம். வெளிக்காற்று 760. ஆக 405 மி.மீ. வேக்குவத்தைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் துணிக்கு அடியிலேயே கொதிக்கத் தொடங்கும். 60 டிகிரியில் நீராவி அழுத்தம் 149 மி.மீ.தான் என்பதால் கூரை 600க்கும் மேலே போய்விடும். அமிலத்தில் இந்த எண்கள் சற்று மாறும். ஆனால் ரியாக்டரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் ஸ்லரியில் 600 வேண்டும் என்று பம்பைப் பிழிவதில் பொருளில்லை. பம்ப் நீராவியைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கும்.

முள் திடீரென்று மேலே ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம். துணி அடைத்துக்கொண்டால் காற்றும் வராது, அமிலமும் வராது. கேஜ் மட்டும் அழகாகக் காட்டும். முள் கீழே இறங்கினால் காற்று எங்கோ சுலபமாக நுழைகிறது: கேக்கில் வெடிப்பு, ஓரத்தில் வெறுந்துணி, துணியில் கிழிசல், தேய்ந்த பட்டை, நின்றுபோன சீல் தண்ணீர். இவை அனைத்தையும் பார்த்த பிறகே பம்பைச் சந்தேகிக்கலாம். நீர்வளைய பம்பாக இருந்தால் அதன் சீல் தண்ணீர் சூடாகியிருக்கிறதா என்று பாருங்கள். சூடான சீல் தண்ணீர் பம்புக்குள்ளேயே ஆவியாகி, இழுக்கும் திறனைத் தின்றுவிடும்.

நான் ஷிஃப்ட் இன்ஜினியராக இருந்த காலத்தில், ஓர் ஆலையில் மூன்று நாள் இந்த முள்ளோடு சண்டை போட்டேன். கேக்கில் பி2ஓ5 இழப்பு ஏறிக்கொண்டே போனது. மங்கும் கோடு கடைசிக் கழுவலை நோக்கி ஓடியது. பம்பை மாற்றினோம். தேய்மானப் பட்டையை மாற்றினோம். புதுத் துணி போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, முப்பது வருடம் ஃபில்டரிலேயே இருந்த ஆபரேட்டர் ஒரு கரண்டி கேக்கோடு வந்தார். "தம்பி, பம்பை விடுங்க. இதைத் தொட்டுப் பாருங்க" என்றார். வெண்ணெய் போல வழுக்கியது. "அண்ணே, ஈரம் ஜாஸ்தியா இருக்கு, அதான்" என்றேன். "ஈரம் இல்ல தம்பி. மணல் போச்சு. நல்ல ஜிப்சம்னா விரலுக்கு நடுவுல நறநறங்கணும். இது மாவா இருக்கு. மேல ரியாக்டர்ல போய்ப் பாருங்க" என்றார்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். கட்டையான, பருத்த படிகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஊசி ஊசியாக நுண்ணிய படிகங்கள். கந்தக அமிலம் அளக்கும் மீட்டர் பிசகியிருந்தது. ரியாக்டரில் சல்ஃபேட் எல்லை மீறியிருந்தது. சல்ஃபேட் சரியான அளவில் நின்றால்தான் படிகம் நிதானமாகப் பருக்கும். மீட்டரைச் சரிசெய்து, ரியாக்டரில் இருந்த பழைய ஸ்லரி வெளியேறி முடிந்த பிறகு, பெல்ட்டில் நாங்கள் எதையும் தொடாமலே கோடு பழைய இடத்துக்கு வந்து நின்றது. காபிப் பொடியை நைஸாக அரைத்துவிட்டால் டிகாக்ஷன் சொட்டுவதே இல்லை. அதற்கு ஃபில்டரைக் குற்றம் சொல்வதில்லை. மூன்று நாள் நான் செய்ததோ அதைத்தான். அன்றிலிருந்து பெல்ட்டில் எந்தத் தொல்லை வந்தாலும் என் முதல் கேள்வி, "ரியாக்டரில் கடைசியாக என்ன மாற்றினோம்?" பாறை மாறியதா, சூடு குறைந்ததா, கலக்கி நின்றதா?

அனல் மின் நிலையங்களில் புகையிலிருந்து கந்தக டையாக்ஸைடைச் சுண்ணாம்புக்கல் குழம்பால் பிடிக்கும் இடங்களிலும் ஜிப்சத்துக்கு இதே பெல்ட்தான். அங்கே பணம் திரவத்தில் இல்லை, கேக்கில் இருக்கிறது. ஹைட்ரோசைக்ளோனில் கெட்டியாக்கிய குழம்பை பெல்ட்டில் ஈரம் 10 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள். கழுவுவது குளோரைடைப் போக்க. குளோரைடு மிஞ்சினால் சுவர்ப்பலகை செய்கிறவர்கள் வாங்க மாட்டார்கள். கட்டங்கள் குறைவு. மங்கும் கோட்டைப் பார்க்கும் வித்தை ஒன்றேதான்.

துணியைப் பற்றி இரண்டு விஷயம். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஒற்றை இழையில் நெய்த துணியையே கேளுங்கள். முறுக்கு நூல் துணியில் துகள் இழைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டால் எந்த ஸ்ப்ரேயும் அதை வெளியே கொண்டுவராது. சூடான காரக் குழம்புக்கு மட்டும் பாலியெஸ்டர் வேண்டாம், இழை உளுத்துவிடும். பெல்ட் ஃபில்டரை, பெரிய ஆலைகளில் வட்டமாகச் சுற்றிக் கவிழும் தட்டு ஃபில்டரைவிட நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் துணிதான். ஒவ்வொரு சுற்றிலும் அது ரப்பரைவிட்டுப் பிரிந்து தனியே வருவதால் இரண்டு முகத்தையும் கழுவலாம். கேக்கையும் பிறந்த இடத்திலிருந்து விழும் இடம்வரை கூடவே நடந்து பார்க்கலாம். ஸ்ப்ரே மூக்கு ஒன்று அடைத்தால் துணியில் அந்த நேருக்கு ஒரு கறுத்த கோடு விழும். அன்றே எடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

துணி ஒரு பக்கமாக ஓடினால் வழிகாட்டும் உருளை தானாகத் திருப்பும். அது திருப்பாதபோது கையால் தள்ளலாம் என்று யாரும் நினைக்கவே கூடாது. ஓடுகிற உருளையும் துணியும் சந்திக்கும் இடத்தில் கை போனால் திரும்பி வராது. ஸ்க்ரேப்பரில் ஒட்டிய கேக்கைச் சுரண்டுவதும் அப்படியே. இரு பக்கமும் இழுப்புக் கயிறு இருக்கிறது. அது இழுத்தால் நிற்கிறதா என்று ஷிஃப்ட் தொடங்கும்போது ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நின்ற மெஷினில் வேலை என்றாலும் ஸ்விட்சைப் பூட்டி, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். ஃபீட் பாக்ஸின் மேலுள்ள புகைக்கூண்டு இழுக்கவில்லை என்றால் ஃபுளோரின் புகை உங்கள் முகத்துக்குத்தான் வரும். மூக்கில் நெடி ஏறினால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மேலாளர் யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

ஓட்டத் தொடங்கும்போது முதலில் பட்டைகளுக்குத் தண்ணீர், அடுத்து துணி கழுவும் ஸ்ப்ரே, பிறகு பெல்ட்டை மெதுவாக ஓட விடுங்கள், அதன் பின்பே வேக்குவம். வேக்குவத்தை முதலில் போட்டால் ரப்பர் பாக்ஸோடு அப்பிக்கொள்ளும், மோட்டார் திணறும். ஸ்லரி விழுந்து கேக் துணியை மூடும்வரை முள் ஏறாது, பதறாதீர்கள். கேக் டிஸ்சார்ஜ்வரை எட்டியதும் கழுவு நீரைக் கடைசிக் கட்டத்திலிருந்து முன்னோக்கித் திறந்துவிட்டு, வேகத்தைக் கூட்டுங்கள்.

நிறுத்தும்போது ஃபீட்டை மூடியதும் வேக்குவத்தை நிறுத்திவிடாதீர்கள். கடைசிக் கேக் விழும்வரை ஓடட்டும். பிறகு ஃபீட் பாக்ஸை வெந்நீரால் அலசி, வெறும் துணியை ஸ்ப்ரேயின் கீழ் இரண்டு மூன்று சுற்றாவது ஓட்டுங்கள். ரிசீவரையும் குழாயையும் காலி செய்து, கடைசியில் துணியின் இழுவிசையைத் தளர்த்துங்கள். ஷிஃப்ட் புத்தகத்தில் எழுத வேண்டியவை: கேக்கின் தடிமன் மூன்று இடத்தில், பெல்ட் வேகம், மங்கும் கோடு எந்தத் தூணுக்கு நேராக இருந்தது, ஒவ்வொரு ரிசீவரின் அடர்த்தி, கேக்கை விரலில் தேய்த்தால் நறநறத்ததா, மாவாக இருந்ததா. வேக்குவத்தையும் எழுதுங்கள், கடைசி வரியில்.